கரிக்கட்டையின் நிழல்

மார்ச் 2

தம்பிக்கு,

போன் செய்து செய்து ஓய்ந்துவிட்டேன். நீ எடுக்கவில்லை. எடுக்கச் சொல்லும் உரிமையும் எனக்கில்லை. கடிதம் என்றால் கிழித்துப் போடவாவது கையில் வாங்குவாய் என்று எழுதுகிறேன்.

அன்றைக்கு வாசலிலேயே என்னை நிறுத்திவிட்டாய். "நீ அவளப் பாக்க வேண்டாம். போயிடு" என்று மெதுவாகத்தான் சொன்னாய். கத்தியிருந்தால் நானும் கத்திவிட்டு உள்ளே வந்திருப்பேன். தெருமுனை மருந்துக்கடைப் படியில் நின்றபடிதான் டீச்சரை எடுத்துப் போவதைப் பார்த்தேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் சீருடையோடு வந்து நின்றார்கள். கட்டிய கணவன் நீயே அவளை டீச்சர் என்று கூப்பிட்டுப் பழகியதால் நம் குடும்பத்தில் யாருக்கும் அவளுடைய பேரைச் சொல்லிக் கூப்பிட வராது. அந்தப் பிள்ளைகள் அழுதபோதும் அதே வார்த்தையைச் சொல்லித்தான் அழுதார்கள்.

உனக்குத் தெரிந்ததையே எழுதுகிறேன், பொறுத்துக்கொள். என் வாயால் ஒருமுறை சொல்லியாக வேண்டும்.

வியாழன் சூரியனைச் சுற்றும் அதே பாதையில், அதற்கு வெகுதூரம் முன்னால், ஒரு சிறுகோள் போய்க்கொண்டிருக்கிறது. ஒரு சுற்றுக்குப் பன்னிரண்டு வருடம். மேலே விழும் வெளிச்சத்தில் நூற்றில் நாலு பங்குதான் திருப்பித் தரும், அவ்வளவு கறுப்பு. டீச்சர்தான் அதற்குக் கரிக்கட்டை என்று பேர் வைத்தாள். எங்கள் ஆய்வகத்தில் இப்போது எல்லோருக்கும் அது கரிக்கட்டைதான். பெரிய தொலைநோக்கியில் பார்த்தாலும் அதன் உருவம் தெரியாது. எப்போதாவது ஒரு நட்சத்திரத்துக்குக் குறுக்கே போகும். அப்போது நட்சத்திரம் சில நொடி அணைந்து திரும்ப எரியும். வெவ்வேறு ஊரில் நின்று எத்தனை நொடி அணைந்தது என்று குறித்துவைத்தால், எல்லாவற்றையும் சேர்த்து அதன் வடிவத்தை வரையலாம். அதற்காகப் பதினோரு இடங்களில் ஆள் நிறுத்தினோம். பதினோராவது இடம், தெற்குக் கடைசி, டீச்சர்.

பள்ளிக்கூட மொட்டைமாடி என்று முதலில் முடிவு செய்திருந்தோம். இரண்டு நாள் முன்னால் கணக்கு மாறியது. பதினாலு கிலோமீட்டர் தெற்கே தள்ளிப் போகச் சொன்னது நான். அங்கே ஒரு வெட்டவெளியைத்தான் பார்த்து வைத்திருந்தாள். அது எப்படி அந்தக் கட்டி முடிக்காத ஐந்து மாடிக் கட்டிடமாக மாறியது என்று எனக்கு இன்னும் தெரியாது.

இன்னொன்று கேட்க வேண்டும். கேட்கக் கூசுகிறது. அவளுடைய கேமராவில் இருந்த மெமரி கார்டு உன்னிடம் இருக்கிறதா?

பாப்பாவைக் கேட்டதாகச் சொல்.

அக்கா


மார்ச் 15

அக்கா,

பத்தொன்பது நாள் கழித்து எழுதியிருக்கிறாய். மூன்றாவது பக்கத்தில் கார்டைக் கேட்டிருக்கிறாய். முதல் இரண்டு பக்கத்தை எழுதாமல் விட்டிருந்தால் உனக்கும் மிச்சம், எனக்கும் மிச்சம்.

கட்டிடம் எப்படி வந்தது என்று கேட்டாய் அல்லவா. நீ சொன்ன பதினாலு கிலோமீட்டரில் நீ நினைத்த வெட்டவெளி இருக்கிறது. அதற்கு மேற்கே செங்கல் சூளையும் இருக்கிறது. அன்று சாயங்காலம் சூளையில் நெருப்பு போட்டிருந்தார்கள். அடிவானம் முழுக்கப் புகை. உன் நட்சத்திரம் மேற்கில் தாழ இருந்ததால் உயரமான இடம் வேண்டும் என்று அலைந்தாள். அக்கம்பக்கத்தில் உயரமாக அந்தக் கட்டிடம் ஒன்றுதான். மொட்டைமாடியில் வேலையை முடித்துவிட்டு இருட்டில் இறங்கியவள், ஐந்தாம் மாடியில் லிஃப்டுக்காக விட்டிருந்த குழியில் விழுந்துவிட்டாள். அங்கே குறுக்கே இருக்க வேண்டிய பலகைகள் இல்லை. மணி ஏழே முக்கால்.

நான் அப்போது ஊரின் மறுகோடியில் வேலையில் இருந்தேன். லிஃப்ட் பாதியில் நின்று நாலு பேர் மாட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களை வெளியே எடுத்துவிட்டுக் கையில் இருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டிருந்தேன். போன் வந்தது. பதினாறு வருடமாக லிஃப்ட் குழிக்குள் இறங்கி ஏறுகிறவன் நான். அடியில் என்ன இருக்கும், எவ்வளவு ஆழம் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. இன்னொருவருக்கு நடந்திருந்தால் மனதில் படம் வராது. எனக்கு வருகிறது.

வாட்ச்மேனைப் பிடித்துப்போய்விட்டார்கள். வயசான ஆள். பலகையைப் பார்த்துக்கொள்ள வேண்டியது அவர் பொறுப்பு என்று கட்டிடக்காரர்கள் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

கார்டு என்னிடம்தான் இருக்கிறது. தரமாட்டேன். அந்தக் கேமரா சத்தத்தையும் பதிவு செய்திருக்கிறது. உனக்குத் தேவை ஒரு நொடியோ இரண்டு நொடியோ. அதில் அவள் ஆறு நிமிடம் பேசியிருக்கிறாள். குளிருகிறது என்கிறாள், கொசுவைத் திட்டுகிறாள், தனக்குத்தானே நேரம் சொல்லிக்கொள்கிறாள். உன் ஆய்வகத்தில் பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்து அதைக் கேட்க வேண்டாம்.

பாப்பா நன்றாகத்தான் இருக்கிறாள். பக்கத்து வீட்டம்மா தலை பின்னிவிடுகிறார்கள்.

தம்பி


ஏப்ரல் 21

தம்பிக்கு,

கார்டை இனிக் கேட்கமாட்டேன். இது வேறு. மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். இதையும் கிழிப்பதற்குள் தபாலில் போட்டுவிட வேண்டும்.

மற்றப் பத்து இடங்களில் இருந்தும் பதிவுகள் வந்து சேர்ந்தன. அடுக்கிப் பார்த்தோம். உருளைக்கிழங்கு மாதிரி ஒரு உருவம், எண்பது கிலோமீட்டர் நீளம். அதன் நிழல் எந்த வழியாகப் போனது என்பதும் மயிரிழை சுத்தமாகத் தெரிந்தது. நான் முதலில் கணக்குப் போட்ட வழியிலேயே போயிருக்கிறது. பதினாலு கிலோமீட்டர் என்ன, ஒரு கிலோமீட்டர்கூட நகரவில்லை.

நட்சத்திரங்கள் அசையாது என்று நினைக்கிறோம். வருடத்துக்குக் கொஞ்சமாக அவையும் அசைகின்றன. கடைசியாகப் புது அட்டவணையில் இருந்து அந்த நட்சத்திரத்தின் இடத்தை எடுத்தேன். அட்டவணை போட்ட வருடத்தில் இருந்து இந்த வருடம்வரை அது அசைந்ததைச் சேர்க்க மறந்துவிட்டேன். ஒரே ஒரு வரி. முதல் வருடம் படிக்கிறவர்கள் செய்யும் தப்பு. நான் இந்த வேலைக்கு வந்து இருபத்திரண்டு வருடம்.

மற்றவர்கள் எப்படியும் நிழலுக்குள்தான் இருப்பார்கள் என்று யாரையும் நகர்த்தவில்லை. விளிம்பில் இருந்தவளை மட்டும் நகர்த்தினேன். டீச்சர் பள்ளிக்கூட மாடியிலேயே நின்றிருக்கலாம். அங்கே மார்பு உயரத்துக்குச் சுவர். படிக்கட்டில் விளக்கு. வாசலில் காபி மெஷின்கூட இருப்பதாகச் சொல்வாள்.

இதோடு முடிந்தால்கூடப் பரவாயில்லை. என் தப்பினால் அவள் போய் நின்ற இடம் நிழலுக்கு வெளியே. அங்கே ஒன்றுமே தெரிந்திருக்கக் கூடாது. ஆனால் ஏழு இருபத்தெட்டுக்கு எனக்குச் செய்தி அனுப்பினாள்: "போச்சு! ஒரு நொடிதான். திரும்ப வந்துடுச்சு. வீட்டுக்குப் போய்ப் பேசறேன்." முதலில் மேகம் என்று நினைத்தோம். மேகம் இல்லை. கரிக்கட்டைக்குப் பக்கத்தில் அதையே சுற்றிக்கொண்டு சின்னதாக இன்னொன்று இருக்கிறது. இருபது கிலோமீட்டர் இருக்கலாம். இதுவரை யாருக்கும் தெரியாது. உலகத்திலேயே அதன் நிழலில் நின்றது அவள் ஒருத்திதான்.

இயக்குநர் எல்லோருக்கும் இனிப்புக் கொடுத்தார். எனக்கும் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன் என்பதையும் உன்னிடம் சொல்லிவிடுகிறேன்.

அக்கா


மே 9

படித்தேன்.

நாலு தடவை படித்தேன். புரியாமல் இல்லை. நன்றாகவே எழுதியிருக்கிறாய்.

பாப்பாவிடம் சொல்லிவிட்டேன். அத்தை கணக்கைத் தப்பாகப் போட்டதால் அம்மா அங்கே போக வேண்டியதாகிவிட்டது என்று. கேட்டுக்கொண்டாள். "அத்தை அழுதாங்களா?" என்றாள். தெரியாது என்றேன்.

வாட்ச்மேனுக்கு இந்தத் தடவையும் ஜாமீன் கிடைக்கவில்லை. உன்னைக் கூண்டில் ஏற்ற முடியுமா என்று வக்கீலைக் கேட்டேன். முடியாதாம். கணக்கில் தப்புப் போடுவது குற்றம் ஆகாதாம்.

இனி எழுதாதே.


ஜூலை 12

தம்பிக்கு,

எழுதாதே என்றாய். இரண்டு மாதம் அடக்கிக்கொண்டு இருந்தேன். இந்த ஒன்றை மட்டும் படித்துவிடு.

கரிக்கட்டையின் துணையைப் பற்றி உலகத்துக்குச் சொல்லும் கட்டுரை தயாரானது. மற்றப் பத்துப் பதிவுகளோடு டீச்சரின் செய்தியை வைத்துக்கொண்டு, ஆறு வாரம் கழித்து விண்வெளித் தொலைநோக்கி ஒன்று முன்பு எடுத்து வைத்த படங்களில் தேடி உறுதி செய்தார்கள். இயக்குநர் என்னை அறைக்கு அழைத்தார். பதினோராவது நிலையம் ஏன் அவ்வளவு வெளியே இருந்தது என்று எல்லோரும் கேட்பார்கள், துணை எதுவும் இருக்கிறதா என்று தேட வேண்டுமென்றே வெளியே நிறுத்தினோம் என்று எழுதிவிடுவோம் என்றார். அப்படி எழுதினால் எனக்குப் பெரிய பேர். இன்னும் நாலு வருடத்தில் கரிக்கட்டைப் பக்கம் ஒரு விண்கலம் போகிறது. அதன் வழியைக் கணக்கிடும் குழுவுக்கு நான் தலைவி ஆகியிருப்பேன்.

"டீச்சர் எதுக்கு அங்க போனாங்கன்னு உண்மைய எழுதலைன்னா எம் பேர எடுத்துடுங்க" என்றேன். அவர் கெட்ட மனிதர் இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "யோசிச்சுச் சொல்லுங்க" என்றார். யோசிக்க என்ன இருக்கிறது. கணக்கிட்டவரின் பிழையால் அந்த நிலையம் தவறான இடத்துக்கு மாற்றப்பட்டது, அங்கே நின்று பார்த்தவர் அன்றே விபத்தில் இறந்தார் என்று என் பேரோடு இரண்டு வரி சேர்த்தேன். கட்டுரை போன வாரம் வெளியானது. விண்கலக் குழுவில் என் பேர் இல்லை. பழைய பதிவுகளைச் சரிபார்க்கும் அறைக்கு மாற்றியிருக்கிறார்கள். ஜன்னல் இல்லை. பிரதி ஒன்று இத்தோடு வைத்திருக்கிறேன்.

துணைக்கோளுக்கு டீச்சரின் பேரை வைக்கலாமா என்று கேட்டேன். இந்தப் பாதையில் போகிறவற்றுக்குப் பழைய கிரேக்கப் போர்க்கதையில் வருகிறவர்களின் பேரைத்தான் வைக்க வேண்டும் என்று விதி இருக்கிறதாம். கணக்கு டீச்சருக்கு இடமில்லை.

கடைசியாக ஒன்று. யாரிடமும் சொல்லவில்லை. அவளுடைய செய்தி வந்ததும் பதில் அனுப்பினேன்: "சரியா எத்தனை நொடி? உடனே சொல்லு." அவள் படித்துவிட்டதாக நீலக் குறி விழுந்தது. அப்புறம் பதில் இல்லை. அந்தப் படியில் போனைப் பார்த்துக்கொண்டுதான் கால் வைத்தாளா என்று தினமும் நினைக்கிறேன். நீதான் அவள் பொருட்களை வாங்கினாய். உனக்குத் தெரிந்தால் சொல். ஆமாம் என்றாலும் சொல்.

அக்கா


ஆகஸ்ட் 4

அக்கா,

போன் அவளுடைய பைக்குள், ஜிப் போட்ட அறைக்குள் இருந்தது. உன் செய்தியைப் படித்துவிட்டு உள்ளே வைத்துவிட்டுத்தான் இறங்கியிருக்கிறாள். ஒரு கையில் டெலஸ்கோப் பெட்டி, தோளில் கேமராப் பை, இன்னொரு கை சுவரில். நீ அதற்குக் காரணம் இல்லை. இதைப் பிப்ரவரியிலேயே உனக்குச் சொல்லியிருக்கலாம். சொல்லாமல் வைத்திருந்தேன்.

உன் கட்டுரையைப் பாப்பாவின் ஆங்கில டீச்சரிடம் கொடுத்துப் படித்துச் சொல்லச் சொன்னேன். அந்த இரண்டு வரி வந்ததும் அவர் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அப்புறம் எட்டு நாளாக இதை எழுத உட்காருகிறேன், எழுந்திருக்கிறேன்.

அந்தக் கட்டிடத்தில் லிஃப்ட் போடும் வேலை எங்கள் கம்பெனியுடையது. பிப்ரவரி பதினொன்றாம் தேதி மத்தியானம் குழியை அளக்க அங்கே போனவன் நான். ஒவ்வொரு மாடியிலும் பலகையைக் கழற்றி, அளந்து, திரும்ப மாட்டிக்கொண்டே ஏறினேன். ஐந்தாம் மாடியில் கழற்றி அளவெடுத்துக்கொண்டிருந்தபோது அலுவலகத்தில் இருந்து போன். லிஃப்டில் ஆள் மாட்டியிருக்கிறது, கர்ப்பிணி ஒருத்தி உள்ளே இருக்கிறாள், உடனே போ என்றார்கள். டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு ஓடினேன். பலகையைச் சுவரோரம் சாய்த்து வைத்தது ஞாபகம் இருக்கிறது. திரும்ப மாட்டியது ஞாபகம் இல்லை, ஏனென்றால் மாட்டவில்லை.

ஐந்து மணிக்கு வண்டியில் போய்க்கொண்டிருந்தபோது டீச்சர் கூப்பிட்டாள். "ஒரே புகையா இருக்கு, ஏதாவது உயரமான எடம் சொல்லுங்க" என்றாள். அந்தக் கட்டிடத்தைச் சொன்னது நான்தான். வாட்ச்மேனுக்குப் போன் செய்து, நம்ம வீட்டம்மாதான், மேலே விடுங்க என்று சொன்னதும் நான்தான். "பாத்து எறங்கு" என்றுகூடச் சொன்னேன். அந்த நிமிடத்திலும் பலகை நினைவுக்கு வரவில்லை. மனசெல்லாம் அந்தக் கர்ப்பிணியிடம் இருந்தது. எட்டு மணிக்கு அவளை வெளியே எடுத்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். போன் வந்தது. போனில் அந்தக் கட்டிடத்தின் பேரைச் சொன்னதுமே பலகை கண்ணில் வந்து நின்றது. கூப்பிட்டவர் இன்னும் விஷயத்தைச் சொல்லி முடிக்கவில்லை.

கட்டிடக்காரர்கள் வாட்ச்மேனைக் கை காட்டினார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. நான் பலகையை மாட்டிவிட்டுத்தான் போயிருப்பேன் என்று வாட்ச்மேனும் நம்பிவிட்டார். பாப்பாவுக்கு வேறு யார் இருக்கிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் உண்மைதான். அப்புறம் நீ உன் தப்பை எழுதி அனுப்பினாய். கோபத்தில் குதித்தேன், ஆனால் உள்ளுக்குள் என்ன நினைத்தேன் தெரியுமா? அப்பாடா என்று நினைத்தேன். குற்றவாளி தானாக வந்து நிற்கிறாள் என்று. குழந்தையிடம்கூட உன் பேரைச் சொன்னேன்.

நீ பேர், பதவி எல்லாம் போகும் என்று தெரிந்தே எழுதியிருக்கிறாய். அதுவும் யாருமே கண்டுபிடிக்க முடியாத ஒரு தப்பை. என்னுடையதை என்னைத் தவிர ஒருவரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. ஆனால் அந்தப் பெரியவர் ஆறு மாதமாக உள்ளே இருக்கிறார்.

இருபதாம் தேதி விசாரணை. நான் போய்ச் சொல்லப்போகிறேன். வக்கீல் வேண்டாம் என்கிறார், குறைந்தது இரண்டு வருடம் என்கிறார். பாப்பாவை நீ வந்து அழைத்துப்போக வேண்டும். நான் உன்னைப் பற்றிச் சொன்னது பாதிதான், மீதி நான் செய்தது என்று அவளிடம் நானே சொல்கிறேன். உன்னை விட்டுச் சொல்ல வைக்கமாட்டேன்.

கார்டு இதற்குள் இருக்கிறது. எனக்கென்று ஒரு பிரதி எடுத்துக்கொண்டேன்.

தம்பி


ஆகஸ்ட் 11

தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்தவுடன் ஒரு பதில் எழுதினேன். போகாதே, சொல்லாதே, குழந்தையை நினை, நடந்தது நடந்துவிட்டது என்று. உறை எல்லாம் ஒட்டி மேசைமேல் வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். என் தப்பை நான் சொன்னபோது எனக்குப் போனது ஒரு ஜன்னல். உனக்கு வீடே போகும். உன்னையும் என்னையும் ஒரே தராசில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

சாயங்காலம் திரும்பி வந்து அந்த உறையைப் பிரித்துப் படித்தேன். அந்தப் பெரியவரைப் பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை. அதைக் கிழித்துவிட்டேன்.

பதினெட்டாம் தேதி காலை வண்டிக்கு வருகிறேன். பாப்பாவுக்கு இங்கே பள்ளிக்கூடத்தில் பேசிவிட்டேன். என் அறையில் இன்னொரு கட்டில் போட இடம் இருக்கிறது. இந்தத் தடவை வாசலில் நிறுத்தாதே.

கார்டில் இருந்ததைக் கேட்டேன், தனியாக. நேரம் எடுத்துக்கொண்டேன், ஒன்று புள்ளி மூன்று நொடி. வேறு யாருக்கும் கொடுக்கவில்லை, எண்ணை மட்டும் கொடுத்தேன்.

உன் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. இல்லை என்று எழுதினால் அது பொய். ஆறு மாதம் என்னை அந்தக் குழிக்குள்ளேயே நிற்க வைத்துவிட்டாய். ஆனாலும் வருகிறேன்.

அக்கா


செப்டம்பர் 3

அக்கா,

இங்கே வாரத்துக்கு ஒரு கடிதம்தான் அனுமதி. பாப்பாவுக்கு அடுத்த வாரம் எழுதுகிறேன், சொல்லிவை. இரவில் இருமினால் வெந்நீர் கொடு, மருந்துக்கு ஓடாதே.

கோர்ட்டில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நீ பின்வரிசையில் இருந்ததால் உனக்கு நான் சொன்னது கேட்டிருக்காது, குரல் எழும்பவில்லை. நீதிபதி இரண்டாவது தடவை சொல்லச் சொன்னார். பெரியவரை அன்றைக்கே விட்டுவிடும்படி சொன்னார்கள். காகிதங்கள் வந்து சேர இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளும் அவரும் நானும் ஒரே இடத்தில் இருந்தோம்.

அவர் என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கட்டும் என்றுதான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று கேட்க வாய் வரவில்லை, பலகையைக் கழற்றியது நான்தான் என்று மட்டும் திரும்பச் சொன்னேன். அவர் தன் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார். அப்புறம் சொன்னார்.

"அன்னிக்கு முட்டி வலி. சாயங்கால ரவுண்டுல மூணாம் மாடியோட எறங்கிட்டேன். மேல நான்தான் பாக்காம விட்டுட்டேன்னு எல்லாரும் சொன்னாங்க. சொல்லச் சொல்ல எனக்கே அப்படித்தான்னு ஆயிடுச்சு. பாக்க வந்த சம்சாரத்துகிட்டயும் ஆமா, நான்தான்னு சொல்லிட்டேன். ஜூன் மாசம் அவ போயிட்டா, தம்பி. ஒரு பொம்பளையக் கொன்னவன் பொண்டாட்டின்னு நெனச்சுக்கிட்டேதான் போனா."

அடுத்த நாள் காலை அவர் பேரைக் கூப்பிட்டார்கள். தன் போர்வையை மடித்து என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

அவருடைய முகவரி பின்பக்கத்தில் இருக்கிறது. பணம் கொண்டுபோகாதே, வாங்கமாட்டார். அந்தத் தெருவில் ஒவ்வொரு வீடாகப் போ. அவர் இல்லை, நான்தான் என்று என் பேரைச் சொல்லிச் சொல்லிவிட்டு வா.

தம்பி